ஃபைல் சர்வரில் புதிய வசதிகளுக்கு இயல்புநிலையை முடிவு செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் போன்ற கணினிகளிலிருந்து விண்டோஸ் கணினிகளுக்கு ஃபைல்களைப் பகிர உதவும் மென்பொருள் சாம்பா. அது இயங்கும் சர்வர்களை அமைத்துப் பராமரிப்பதும், அந்த வேலையைக் கற்க வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் என் தொழில். ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும், இந்த வசதியை ஏன் அணைத்தே கொடுத்தார்கள், அந்த வசதியை ஏன் கேட்காமலே இயக்கிவிட்டார்கள் என்ற சந்தேகம் யாராவது ஒருவரிடமிருந்து வந்துவிடுகிறது. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். பதில்களில் பெரும்பாலும் சாம்பாவே வருகிறது. தேவைப்பட்ட இடங்களில் லினக்ஸின் இன்னொரு ஃபைல் பகிர்வு முறையான என்எஃப்எஸ்ஸும் விண்டோஸும் வருகின்றன.

டீஃபால்ட் என்றால் சரியாக என்ன? அது எந்த ஃபைலில் எழுதியிருக்கிறது?

நீங்கள் எதுவும் சொல்லாதபோது மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்புதான் இயல்புநிலை. அது எந்த ஃபைலிலும் எழுதப்பட்டிருப்பதில்லை, நிரலுக்குள்ளேயே இருக்கிறது. சாம்பாவின் அமைப்புகளை எழுதும் எஸ்எம்பி.கான்ஃப் ஃபைலில் இருப்பவை நீங்களோ உங்களுக்கு முன்னால் அந்த சர்வரைப் பார்த்துக்கொண்டவரோ எழுதியவை மட்டுமே.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் டெஸ்ட்பார்ம் கட்டளையை இயக்கிப் பாருங்கள். பத்து வரி எழுதிய ஃபைலுக்கு ஏறத்தாழ பத்து வரியைத்தான் அது திருப்பிக் காட்டும். அதே கட்டளையோடு ‘-வி’ என்ற குறியைச் சேர்த்தால் பல நூறு வரிகள் திரையில் ஓடும். அந்தப் பத்து வரி போக மீதி அத்தனையும் வேறு யாரோ உங்களுக்காக எடுத்து வைத்த முடிவுகள்.

பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாமே? ஒரு வார்த்தை ‘எஸ்’ஸா ‘நோ’வா என்பதற்கு உருவாக்குநர்கள் ஏன் இவ்வளவு விவாதிக்கிறார்கள்?

மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பதால்தான். சாம்பா இயங்கும் இடங்களில் கணிசமான பகுதி, யாரும் திறந்தே பார்க்காத சேமிப்புப் பெட்டிகளும், ஒருமுறை நிறுவிவிட்டு மறந்துபோன அலுவலகக் கணினிகளும்தான். கையேட்டைப் படிப்பவர் எந்த இயல்புநிலையையும் தாண்டி வந்துவிடுவார். படிக்காதவருக்கு அதுவே இறுதி முடிவாகிறது. ஆகவே அந்த ஒரு வார்த்தையை எழுதுபவர் படிக்காதவரின் இடத்தில் தன்னை நிறுத்திக்கொண்டுதான் யோசிக்க வேண்டும்.

புதிய வசதி நல்லதென்று தெரிந்தே சேர்க்கிறார்கள். பிறகு ஏன் முதல் நாளே ஆன் செய்து கொடுப்பதில்லை?

‘நல்லது’ என்பதும் ‘எல்லோரிடமும் சோதிக்கப்பட்டது’ என்பதும் வேறு வேறு. சாம்பாவின் 3.6 பதிப்பு 2011-ல், ஃபைல் பகிர்வுக்கான எஸ்எம்பி நெறிமுறையின் இரண்டாம் பதிப்பான எஸ்எம்பி 2-ஐ முழுமையாகக் கொண்டுவந்தது. ஆனால் ‘மேக்ஸ் ப்ரோட்டோகால்’ என்ற வரியை நிர்வாகி தாமாக எழுதினால் மட்டுமே அது இயங்கியது. 2012 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பில்தான் சர்வர் பக்கத்து உச்ச நெறிமுறை எஸ்எம்பி 3 என இயல்பாகவே உயர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் விருப்பப்பட்டு இயக்கியவர்கள் கண்டுபிடித்த பிழைகள், விருப்பப்படாதவர்களைத் தொடவில்லை.

இதைவிடத் தெளிவான உதாரணம் மல்டிசேனல். ஒரே அமர்வில் பல பிணைய இணைப்புகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் இந்த வசதி 2016-ல் 4.4 பதிப்பில் வந்தது. சோதனையில் நன்றாக ஓடுவதாகத் தோன்றினாலும் சில தருணங்களில் தரவு சிதைய வாய்ப்புண்டு என்று கையேடே எச்சரித்தது. ஓர் இணைப்பு அறுந்து, அதில் போன கோரிக்கை இன்னோர் இணைப்பின் வழியாக மறுபடி வரும்போது, முதலில் வந்தது ஏற்கெனவே நிறைவேறிவிட்டதா என்பதை சர்வர் பிசகாமல் அறிந்திருக்க வேண்டும். அங்கே நூலிழை தவறினாலும் எழுதிய ஃபைல் கெடும். 2021-ல் 4.15 பதிப்பில்தான் அது சோதனை நிலையைத் தாண்டி, லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் தானாக இயங்கத் தொடங்கியது. ஐந்தாண்டு காத்திருந்தது அதிகம் என்று பலர் குறைப்பட்டார்கள். ஃபைல் சர்வருக்கு அது நியாயமான பொறுமை என்பது என் கருத்து.

அப்படியானால் சந்தேகம் வந்தால் ஆஃப் என்று வைத்துவிடுவதே எப்போதும் பாதுகாப்பு, அப்படித்தானே?

இல்லை. இந்தத் தவறான முடிவுக்கு வருகிறவர்களே அதிகம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஒரு வசதி ஆபத்தைக் கொண்டுவருவதாக இருந்தால் அணைத்து வைப்பது பாதுகாப்பு. அந்த வசதியே ஆபத்தைத் தடுப்பதாக இருந்தால், அணைத்து வைப்பதுதான் ஆபத்து. கையொப்பமிடுதல் (செய்தி வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதி செய்வது), மறையாக்கம், வட்டில் எழுதி முடித்ததை உறுதி செய்தல் ஆகியவை இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

இன்னொன்றும் உண்டு. இயல்பாக அணைந்தே கிடக்கும் வசதியைச் சிலர்தான் இயக்குவார்கள். சிலர் மட்டும் இயக்கும் வசதியின் பிழைகள் ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கும். அணைத்து வைக்கும்போதே, எந்த நிபந்தனைகள் நிறைவேறினால் அதை இயக்குவோம் என்பதையும் உருவாக்குநர்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வேகம் குறையும் என்றால் பாதுகாப்பான டீஃபால்டை யார் ஏற்றுக்கொள்வார்கள்? ‘ஸ்ட்ரிக்ட் சிங்க்’கை ஆன் செய்ததும் எங்கள் சர்வர் மந்தமாகிவிட்டது.

‘ஸ்ட்ரிக்ட் சிங்க்’ செய்வது இதுதான்: ‘இதுவரை நான் அனுப்பியதை எல்லாம் வட்டில் எழுதி முடித்துவிட்டாயா?’ என்று கிளையன்ட், அதாவது சர்வரோடு இணையும் கணினி, கேட்கும்போது, உண்மையிலேயே எழுதி முடித்த பிறகே சர்வர் பதில் சொல்லும். அணைந்திருந்தால் அந்தக் கேள்வியைச் சாம்பா பொருட்படுத்துவதில்லை. முன்பு அணைந்திருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. விண்டோஸ் 98 காலத்து எக்ஸ்ப்ளோரர் போன்ற நிரல்கள், தேவையே இல்லாத இடங்களில் எல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் வட்டைத் தொட்டால் சர்வர் திணறும்.

எஸ்எம்பி 2, எஸ்எம்பி 3 பேசும் கிளையன்ட்கள் அப்படிக் கேட்பதில்லை. கேட்டால் பொருளோடு கேட்கின்றன. ஆகவே 2017-ல் 4.7 பதிப்பில் இயல்புநிலை ‘எஸ்’ ஆக மாற்றப்பட்டது. புதிய நெறிமுறைகளில் வரும் இந்தக் கோரிக்கையைச் சர்வர் பின்னணியில் நிறைவேற்றுவதால், மற்ற கோரிக்கைகள் அதற்காகக் காத்து நிற்பதில்லை. எனினும் பழைய சுழல் வட்டுகளில், எழுதி முடிக்கும் வேலைக்கு நேரம் ஆகத்தான் செய்யும்; நீங்கள் கண்ட மந்தம் அதுவாக இருக்கலாம்.

லினக்ஸின் என்எஃப்எஸ்ஸிலும் இதே கதைதான். என்எஃப்எஸ்-யூட்டில்ஸ் 1.0.0 வரை ‘அசிங்க்’ இயல்புநிலையாக இருந்தது. வட்டுக்குப் போகும் முன்பே ‘எழுதியாயிற்று’ என்று சர்வர் சொல்லிவிடும். அதற்கடுத்த வெளியீடுகளிலிருந்து ‘சிங்க்’ இயல்புநிலையானது. வேகம் வேண்டுபவர் ‘அசிங்க்’ என்று தம் கையால் எழுத வேண்டும். சர்வர் மெதுவாக ஓடினால் அன்று மாலைக்குள் தொலைபேசி அழைப்பு வந்துவிடுகிறது. எழுதியதாகச் சொன்னது எழுதப்படவில்லை என்பதோ, மின்சாரம் போய்வந்த ஒரு நாளில், கணக்கு ஃபைலைத் திறக்கும்போதுதான் தெரிகிறது. எந்தத் தவறுக்கான புகார் உரிய நேரத்தில் வருவதில்லையோ, அதற்கு எதிராகத்தான் இயல்புநிலை நிற்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

இரண்டு டீஃபால்டும் தனித்தனியாகச் சரி என்றால், சேர்ந்தாலும் சரியாகத்தானே இருக்கும்?

இருக்க வேண்டியதில்லை. 2010 பிப்ரவரியில் வெளிப்பட்ட ‘வைட் லிங்க்ஸ்’ சிக்கலை இதற்காகவே ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன். ‘யூனிக்ஸ் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பது லினக்ஸ் கிளையன்ட்கள் பகிர்வுக்குள் சிம்லிங்க்குகளை (வேறோர் இடத்தைச் சுட்டும் குறுக்குவழிகளை) உருவாக்க இடம் கொடுக்கும் வசதி. ‘வைட் லிங்க்ஸ்’ என்பது, சிம்லிங்க் பகிர்வுக்கு வெளியே சுட்டினாலும் சர்வர் அதைப் பின்தொடர்ந்து போக அனுமதிக்கும் வசதி. நிர்வாகி தாமே சர்வரில் வைத்த சிம்லிங்க்குகளுக்கு அது பயன்பட்டது. அப்போது இரண்டுமே இயல்பாக இயங்கிக்கொண்டிருந்தன.

இப்போது சேர்த்துப் பாருங்கள். பகிர்வில் எழுத உரிமை உள்ள ஒருவர், சர்வரின் மூல அடைவைச் சுட்டும் சிம்லிங்க் ஒன்றைத் தம் கிளையன்டிலிருந்தே உருவாக்குகிறார். பிறகு அதன் வழியே பகிர்வின் எல்லையைத் தாண்டி, தம் யூனிக்ஸ் கணக்குக்கு அனுமதி உள்ள எந்த ஃபைலையும் படிக்கிறார். ஒரு வசதி கதவைச் செய்யும் உரிமையைக் கொடுத்தது. மற்றது எந்தக் கதவு வழியாகவும் போவேன் என்றது. குழுவினர் ‘வைட் லிங்க்ஸ்’ இயல்புநிலையை ‘நோ’ ஆக்கியதோடு, ‘யூனிக்ஸ் எக்ஸ்டென்ஷன்ஸ்’ இயங்கும்போது நிர்வாகி ‘வைட் லிங்க்ஸ்’ கேட்டாலும் அது தானாக அணைந்து, சர்வரின் லாக் ஃபைலில் ஒரு செய்தி எழுதப்படும்படியும் செய்தார்கள். அதையும் மீற விரும்புபவருக்குப் பின்னர் ஒரு வரி சேர்க்கப்பட்டது. அதன் பெயரே ‘அலவ் இன்செக்யூர் வைட் லிங்க்ஸ்’. தான் எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் அந்த வரியை ஒருவர் எழுத முடியாது. பெயரிடுவதும் இயல்புநிலையை முடிவு செய்வதின் ஒரு பகுதி என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

எதற்கு வம்பு, ‘ஆட்டோ’ என்று வைத்துவிட்டால் போதாதா?

‘ஆட்டோ’ என்றால் யார் முடிவு செய்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். 2025 மார்ச்சில் வந்த 4.22 பதிப்பில் அடைவுக் குத்தகை வசதி சேர்ந்தது. அடைவின் பட்டியலைக் கிளையன்ட் தன்னிடமே வைத்துக்கொண்டு, மாற்றம் நிகழ்ந்தால் மட்டும் சர்வரிடமிருந்து தகவல் பெறும் ஏற்பாடு அது. தனி சர்வராக இருந்தால் அது இயங்கும். பல சர்வர்கள் சேர்ந்த தொகுதியாக இருந்தால் அணைந்திருக்கும். சர்வர் தன் நிலையைத் தானே பார்த்து முடிவு செய்கிறது. இது நல்ல ‘ஆட்டோ’.

‘சர்வர் எஸ்சேனல்’ என்ற அமைப்பும் ஒரு காலத்தில் ‘ஆட்டோ’வில்தான் இருந்தது. அலுவலகத்தின் பயனர் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர், மற்ற கணினிகளோடு பாதுகாப்பான வழியில்தான் பேச வேண்டுமா என்பதை முடிவு செய்வது அது. அங்கே ‘ஆட்டோ’வுக்குப் பொருள், பாதுகாப்பான வழியைச் சர்வர் முன்வைக்கும், ஆனால் எதிரில் இருப்பவர் வேண்டாம் என்றால் விட்டுவிடும் என்பது. எதிரில் இருப்பவர் நல்லவர் என்ற நம்பிக்கையில் நிற்கும் ஏற்பாடு அது. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இன்னும் இரண்டு கேள்விகள் தள்ளிச் சொல்கிறேன்.

புதியதை ஆன் செய்வது சரி. பழையதை ஏன் ஆஃப் செய்தார்கள்? எஸ்எம்பி 1 நிறுத்தப்பட்டதும் எங்கள் ஸ்கேனர் வேலை செய்யவில்லை.

எங்களிடமும் அதுவே நடந்தது. நான் பார்த்துக்கொண்ட ஓர் அலுவலகத்தில் ஒரு வார இறுதியில் சர்வரைப் புதுப்பித்தேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் சத்தமே இல்லை. புதன்கிழமை காலை ஓர் ஊழியர் கையில் பென்டிரைவோடு வந்து, “சார், மூணு நாளா இதுலதான் ஸ்கேன் எடுத்துக் கொண்டு போறோம், ஃபோல்டருக்கு எப்ப வரும்?” என்று கேட்டார். நகலெடுக்கும் இயந்திரத்தின் சிறிய திரையில் இணைப்புத் தோல்வி என்று மட்டும் இருந்தது. அது எஸ்எம்பி 1 தவிர வேறெதுவும் அறியாத பழைய இயந்திரம். 2019 செப்டம்பரில் வந்த 4.11 பதிப்போ, சர்வர், கிளையன்ட் இரண்டுக்குமே குறைந்தபட்ச நெறிமுறையை எஸ்எம்பி 2 என உயர்த்தியிருந்தது.

ஆனாலும் அந்த மாற்றம் சரியானது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி 1 நிரலில் இருந்த ஓட்டை வழியாகத்தான். சாம்பாவின் நிரல் வேறு, அந்த ஓட்டை அதில் இல்லை. எனினும் எஸ்எம்பி 1 நெறிமுறையே காலம் கடந்தது, புதிய பதிப்புகளில் உள்ள மறையாக்கமும் வலுவான கையொப்பமும் அதில் கிடையாது. மேலும் குறைந்தபட்ச நெறிமுறை என்பது சர்வர் முழுவதற்குமான அமைப்பு; ஒரு ஸ்கேனருக்காகத் தாழ்த்தினால் கணக்குப் பிரிவின் பகிர்வுக்கும் சேர்த்தே தாழ்கிறது. நான் அந்த ஸ்கேனருக்காக ஒரே ஒரு அடைவு மட்டும் கொண்ட தனி மெய்நிகர் கணினியை அமைத்து, பழைய நெறிமுறையை அதில் மட்டும் அனுமதித்தேன்.

ஒரு பழைய வரியை யாரும் தொடாமல் விட்டால் என்ன நஷ்டம்? எங்கள் எஸ்எம்பி.கான்ஃப் பத்து வருஷமாக அப்படியே இருக்கிறது.

மேலே பாதியில் நிறுத்திய ‘சர்வர் எஸ்சேனல்’ கதைக்கு இங்கே வருகிறேன். 2018 மார்ச்சில் 4.8 பதிப்பு அதன் இயல்புநிலையை ‘ஆட்டோ’விலிருந்து ‘எஸ்’ ஆக மாற்றியது. அப்போது அதைப் பெரிதாக யாரும் பேசவில்லை. 2020-ல் ஸீரோலாகன் என்ற கடுமையான பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, 4.8-க்கும் அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கும் இயல்புநிலையில் அந்தத் தாக்குதல் பலிக்கவில்லை. தம் ஃபைலில் ‘சர்வர் எஸ்சேனல் = ஆட்டோ’ என்றோ ‘நோ’ என்றோ எழுதி வைத்திருந்த டொமைன் கன்ட்ரோலர்கள் மட்டும் புதிய பதிப்பிலும் ஆபத்தில் இருந்தன.

எழுதிய வரி இயல்புநிலையை வெல்லும். இயல்புநிலையோடு ஒத்த மதிப்பையே எழுதி வைத்தாலும், பின்னாளில் இயல்புநிலை மேம்படும்போது உங்கள் சர்வர் பழைய மதிப்பிலேயே நின்றுவிடும். ஆகவே தேவையில்லாத வரிகளை நீக்கிவிடுங்கள். தேவையான வரிக்கு மேலே, ஏன் எழுதினேன், என்று எழுதினேன் என்று ஒரு குறிப்பு வையுங்கள்.

டீஃபால்டை மாற்றுவதற்கு முன் பயனர்களுக்கு எப்படித் தெரிவிப்பது?

வெளியீட்டுக் குறிப்பில் எழுதுவது கடமை. ஆனால் இரண்டாவது கேள்வியில் சொன்னவர்கள் அதைப் படிக்கமாட்டார்கள். என்எஃப்எஸ் குழு செய்தது எனக்குப் பிடித்தது. ‘சிங்க்’ மாற்றத்தின்போது, ஏற்றுமதிப் பட்டியலில் (எந்த அடைவுகளைப் பகிர்வது என்ற பட்டியல்) ‘சிங்க்’, ‘அசிங்க்’ இரண்டில் எதையும் குறிப்பிடாதவருக்கு, அந்தப் பட்டியலை நடைமுறைப்படுத்தும் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையே எச்சரிக்கை காட்டியது. 1.1.0 வெளியீட்டில் ‘நோ சப்ட்ரீ செக்’ (கேட்கும் ஃபைல் பகிர்ந்த அடைவுக்குள்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்காத அமைப்பு) இயல்புநிலையானபோதும் அதே முறைதான். தெரிந்தே தேர்ந்தெடுத்தவரை அது தொந்தரவு செய்யவில்லை. இயல்புநிலையை நம்பியிருந்தவரிடம் மட்டும் பேசியது.

எந்த வெளியீட்டில் மாற்றலாம்? சிறிய திருத்த வெளியீட்டிலேயே மாற்றிவிடலாமா?

பொதுவாகக் கூடாது. திருத்த வெளியீட்டை மக்கள் யோசிக்காமல் நிறுவுவதே அதில் நடத்தை மாறாது என்ற நம்பிக்கையால்தான். விதிவிலக்கு, காத்திருப்பதே தீங்கு என்ற நிலை. 2016 ஏப்ரல் 12 அன்று வெளியான, பேட்லாக் என்ற பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தங்கள், அப்போது பராமரிப்பில் இருந்த 4.2, 4.3, 4.4 என்ற மூன்று வரிசைகளிலும் ஒரே நாளில் பல இயல்புநிலைகளை இறுக்கின. மறையாக்கம் இல்லாமல் எல்டேப்பில் (பயனர் விவரங்களைக் கேட்டுப் பெறும் நெறிமுறை) கடவுச்சொல்லை அனுப்பிக்கொண்டிருந்த நிரல்கள் டொமைன் கன்ட்ரோலரால் நிராகரிக்கப்பட்டன. வலித்தது, ஆனால் வேறு வழி இருக்கவில்லை.

பழைய சர்வருக்கு ஒரு டீஃபால்ட், புதிதாக நிறுவுபவருக்கு வேறொரு டீஃபால்ட் என்று வைத்தால் என்ன?

பயனுள்ள யோசனை, விண்டோஸ் இதற்கு நெருக்கமான ஒன்றைச் செய்தது. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-ன் 1709 வெளியீட்டில், ஹோம், ப்ரோ பதிப்புகளில் எஸ்எம்பி 1 கிளையன்ட் இருந்தது. ஆனால் கணினி இயங்கிய நேரத்தில் மொத்தம் 15 நாள் அது பயன்படுத்தப்படவில்லை என்றால் தானாக நீக்கப்பட்டது. பயன்படுத்துபவருக்கு நீடிக்கிறது, பயன்படுத்தாதவரிடமிருந்து சத்தமின்றிப் போய்விடுகிறது.

இதில் ஒரு விலை உண்டு. ஒரே பதிப்பு எண் கொண்ட இரண்டு கணினிகள் வேறு வேறாக நடந்துகொள்ளும். பழுது பார்க்க வருபவர் பதிப்பைக் கேட்டு மட்டும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. சர்வரில் அந்த விலை கூடுதல் என்பதால், அங்கே ஒரே இயல்புநிலை இருப்பதையே விரும்புகிறேன்.

சாம்பா கையேட்டில் ஒன்று சொல்கிறது, என் டெபியனில் வேறு மாதிரி நடக்கிறது. எது உண்மையான டீஃபால்ட்?

இரண்டும்தான். ‘மேப் டு கெஸ்ட்’ அமைப்புக்குச் சாம்பாவின் இயல்புநிலை ‘நெவர்’. ஆனால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் தொகுப்போடு வரும் எஸ்எம்பி.கான்ஃப் ஃபைலில் ‘பேட் யூசர்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அதாவது சர்வர் அறியாத பயனர் பெயரோடு வருபவர் திருப்பி அனுப்பப்படாமல் விருந்தினராகக் கொள்ளப்படுகிறார். முந்தைய கேள்வி ஒன்றில் சொன்ன விதி இங்கும் பொருந்தும்: எழுதிய வரி வெல்லும், எழுதியவர் நீங்களாக இல்லாவிட்டாலும்.

அப்டேட் செய்யும்போது எந்த டீஃபால்ட் மாறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புதுப்பிக்கும் முன் முதல் பதிலில் சொன்ன ‘-வி’ குறியோடு டெஸ்ட்பார்மை இயக்கி, வெளியீட்டை ஒரு ஃபைலில் சேமித்து வையுங்கள். புதுப்பித்த பிறகு மறுபடி இயக்கி இன்னொரு ஃபைலில் சேமித்து, இரண்டையும் டிஃப் கட்டளையால் ஒப்பிடுங்கள். மாறிய வரிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் வெளியீட்டுக் குறிப்பில் தேடிப் படியுங்கள். அரை மணி நேர வேலை.

அதோடு, சர்வரோடு பேசும் கருவிகளின் பட்டியல் ஒன்றும் கையில் இருக்கட்டும். கணினிகளை எல்லோரும் சோதிப்பார்கள். ஸ்கேனர், கேமரா பதிவுப் பெட்டி, வருகைப் பதிவு இயந்திரம், இரவில் மட்டும் ஓடும் காப்புப்பிரதி ஆகியவற்றை மறந்துவிடுவார்கள். புதுப்பித்த அன்றே ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஃபைலை எழுதச் செய்து, அது பகிர்வில் வந்து சேர்ந்ததா என்று நேரில் திறந்து பாருங்கள். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு நான் இதைச் செய்யாமல் எந்த அலுவலகத்தையும் விட்டுக் கிளம்பியதில்லை.